என் பெயரை எழுதிய மகளுக்கு

அன்பு மகள் அசெனதாவுக்கு அப்பா எபராமா எழுதுவது. கடவுள் கிருபையில் நானும் உன் அம்மாவும் சுகம், ரொதுமா தீவின் தண்ணீரும் காற்றும் உனக்கு ஒத்துக்கொண்டதா? ஐந்து மாதமாக ஒரு வரி எழுதாதவன் இன்று எழுதுகிறானே என்று பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. என் வீம்பு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

நீ சுகாதார அதிகாரியாகச் சேர்ந்த புதிதில் கக்கூஸ் எண்ணுகிற உத்தியோகம் என்று ஊரே கேலி செய்தது, முதலில் சிரித்தவன் நான்தான். பிறகு நீ மழையில் படகேறி ஊர் ஊராகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளைச் சோதித்து, பிள்ளைகளின் வயிற்றுப்போக்கை நிறுத்தியதும், அது என் மகள் என்று சொல்லிக்கொள்ளவும் நான்தான் முந்தினேன். பதினோரு வருஷம் அந்தப் பெருமையில் திரிந்தேன். டைபாய்டு நம் ஊருக்கே வந்து ஏழு பேரை லபாசா ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தபோது என் சாயம் வெளுத்தது. ஊரில் எல்லோரையும் சோதித்தாய். ஒரு நாளும் காய்ச்சல் என்று படுக்காத என் உடம்பில்தான் கிருமி குடியிருக்கிறது என்று தெரிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாய். முப்பது வருஷமாகத் தலைவர் வீட்டில் ஊரே குடிக்க யங்கோனா வேரைத் தண்ணீரில் பிசைந்து பானம் கலக்குகிற கை இது என்று கத்தினேன், கிருமி உள்ளவர்கள் பட்டியலில் என் பெயரை அடித்துவிடச் சொன்னேன். நீ அழுதாய், ஆனால் அடிக்கவில்லை. காரணம் சொல்லாமல் கலக்குகிற ஆளை மாற்றும்படி தலைவரிடம் கேட்டுக்கொண்டு, மாத்திரைகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ரொதுமாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டாய். நான் வழியனுப்பக்கூட வரவில்லை.

அதோடு விட்டேனா? மாத்திரையைத் தொடவில்லை, கிருமி என்று வாய் திறக்காமல், மகள் ஏதோ தப்பாகப் பார்த்துவிட்டாள் என்று மட்டும் ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மூன்றாம் வாரமே ஒரு சாவு வீட்டில் போய் யங்கோனா கலக்குகிற மரத்தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஏழு பேரில் ஒருவனாக ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த வைசேயா எதிரில் இருந்தான். மச்சான் முறைக்காரன் வாய்க்கு எந்தச் சபையிலும் பூட்டு கிடையாதே. விஷயம் தெரியாமலே, “நல்லா கலக்கு மச்சான், குழிதான் வெட்டியாச்சே, என்னையும் சேத்துப் போட்டுடலாம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவன் கழுத்தெலும்பைப் பார்த்தேன், எப்படி இருந்த ஆள். கை தண்ணீருக்குள் போக மாட்டேன் என்றது. எழுந்து கைகழுவி வந்து தலைவர் முன்னால் உட்கார்ந்து சொன்னேன்: “காய்ச்சல் என் கையிலேர்ந்துதான் வந்துச்சு. எம்மக கண்டுபிடிச்சா. அப்பன்னு பாக்காம பேரை எழுதினா. நான்தான் மறைச்சேன்.”

தலைவர் கையைக் குவித்து மூன்று முறை தட்டினார். அந்த மரியாதை எனக்கில்லை அம்மா, உனக்கு.

மறுநாளிலிருந்து இருபத்தெட்டு நாளும் மாத்திரை விழுங்கினேன். வைசேயா தினமும் சேப்பங்கிழங்கோடு வந்து நான் விழுங்குவதை நின்று பார்த்துவிட்டுத்தான் போவான், அதிகாரிக்கு மாமனாம். மூன்று முறை சோதித்து, சுத்தமாகிவிட்டது என்று நர்ஸ் தாள் கொடுத்துவிட்டாள். தலைவரும் பழையபடி வந்து கலக்கு என்றார். மாட்டேன் என்றுவிட்டேன். என் பெயரை எழுதியவளே வந்து தன் கையால் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடட்டும், அதுவரை தொட்டியைத் தொடுவதாக இல்லை. அதன்பிறகு நான் கலக்குவதில் முதல் சிரட்டை தலைவருக்கு, இரண்டாவது உனக்கு. வைசேயா காத்துக்கிடக்கட்டும்.

அலை இருக்கும் நாளில் அதிகாரி என்று படகில் வீரம் காட்டாதே, வேளைக்குச் சாப்பிடு. அம்மா தினமும் உனக்காக ஜெபிக்கிறாள், கர்த்தர் உன்னைக் காப்பாராக. விடுமுறைக்கு இன்றே எழுதிக் கொடு, தலைவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன்னிடம் தோற்றதை ஊரெல்லாம் சொல்லித் திரியும் அப்பா,
எபராமா