சுவரில் உன் படம், வாசலில் நீ

போனை எடுக்காத அன்புத் தம்பி எமிலுக்கு,

உன் அக்கா பெர்னடெட் எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் இந்தப் பனியில் என் பேச்சைக் கேட்பதில்லை, உன்னைப் போலவே.

முதலில் வாழ்த்து. நம் அமெரிக்கக் கால்பந்திலேயே இந்த வருஷத்தின் சிறந்த உதவிப் பயிற்சியாளர் நீதான் என்று பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஓட்டுப் போட்ட மறுநாளே உங்கள் அணி முதலாளி தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் போனால் அவருக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் போக வேண்டும் என்பதுதான் உங்கள் தொழிலின் வழக்கமாயிற்றே! ஓட்டு முடிவு வெளிவந்தபோது, நாட்டிலேயே சிறந்தவனுக்கு வேலை இல்லை. சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயன்றேன் தம்பி. முடியவில்லை.

மீதியை உன் பெண்டாட்டி லொரெய்ன் சொல்லிவிட்டாள். மறந்து வைத்த ஷூவை எடுக்க மைதானத்துக்குப் போனாயாம். வாசல் சுவரில் இரண்டு மாடி உயரத்துக்கு உன் படம், "எங்கள் பெருமை" என்று. அதற்குக் கீழே நின்று நீ கதவு திறக்கும் அட்டையை மெஷினில் தேய்தேய் என்று தேய்க்கிறாய், கதவு திறக்கவில்லை. காவலாளி ஓட்டிஸ் படத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், அவரு உள்ள வரலாம், நீங்க வரக்கூடாதுன்னு மெஷின் சொல்லுது" என்றானாம்.

அன்றிலிருந்து விருது விழாவுக்குப் போகமாட்டேன் என்று கார் ஷெட்டில் உட்கார்ந்துகொண்டாயாமே? சாப்பிட மட்டும் வீட்டுக்குள் வந்து, உப்புச் சீசாக்களை மேசையில் வரிசையாக நிறுத்தி, உன் ஆட்டக்காரர்களுக்குச் சொல்வதுபோலவே மிளகுச் சீசாவை மறிக்கச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று லொரெய்ன் அழாக்குறையாகச் சொன்னாள். மிளகு ஒருதரமாவது உள்ளே புகுந்ததா?

போன வெள்ளிக்கிழமை சர்ச் சமையலறையில் பியரோகிக் கொழுக்கட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வாசல் இருட்டிவிட்டது. நிமிர்ந்தால் உன் ஆட்கள்! பந்து எறிகிறவனை எவனும் நெருங்காமல் மறிக்கிற அந்த ஐந்து தடியன்கள். நீ போனை எடுக்காததால் அவ்வளவு தூரம் காரோட்டி என்னிடம் வந்திருக்கிறார்கள். இருப்பதிலேயே பெரியவன் டெமெட்ரியஸ், "அக்கா, உங்க தம்பி எங்களத் திட்டாத நாளே கெடையாது. தோத்த அன்னிக்கு மட்டும் திட்ட மாட்டாரு, வந்து பக்கத்துல சும்மா உக்காந்துக்குவாரு. அவரு மேடையேறலன்னா நாங்க அஞ்சு பேரும் ஏறிடுவோம்" என்றான். ஐந்து பேரும் புதுக் கோட்டு தைத்துவிட்டார்களாம். எந்த மேடையடா தாங்கும்? உனக்கு இரக்கமே இல்லையா? அவர்கள் போன பிறகு பாத்திரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. வரிசையில் நின்ற பாதிரியாருக்கு வெறும் முட்டைக்கோஸ்தான் கிடைத்தது.

விளையாட்டு போதும், கேள். அந்த விருது விழா மண்டபத்தில்தான் மற்ற அணிகளின் முதலாளிகள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். கார் ஷெட் கதவைத் தட்டி யாரும் வேலை தரமாட்டார்கள். வெட்கப்பட வேண்டியது துரத்தியவர், நீ இல்லை. முகத்தை மழி, குளி, லொரெய்னைக் கூட்டிக்கொண்டு போ. ஊர் ஊராக மாறி மாறி, கல்யாணத்துக்கு வந்த தட்டுகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதையே அவள் விட்டுவிட்டாள். மேடையில் அவள் பெயரைச் சொல். என் பெயரைச் சொன்னாலும் நான் தடுக்கமாட்டேன்.

அடுத்த வேலை நாட்டின் எந்தக் கோடியில் கிடைத்தாலும் இருவரும் சந்தோஷமாகப் போங்கள். ஆனால் அந்த விருதுச் சிலையை மட்டும் மூட்டை கட்டாதே. என் சமையலறை ஜன்னலோரம் அதற்கு இடம் துடைத்து வைத்திருக்கிறேன். அதுவாவது ஒரே வீட்டில் இருக்கட்டும். பார்க்க வேண்டும் என்று தோன்றினால், நீ இங்கேதானே வந்தாக வேண்டும்?

கர்த்தர் உன் கூடவே மேடையேறட்டும்.

உன் அக்கா,
பெர்னடெட்