மேலே வந்தேன் என்று எழுதியவர்

கோரமண்டல்
9 ஜூன் 2025

அன்புள்ள சரோஜா அக்காவுக்கு, ஜெய்பீம்.

புகையை விடுகிறவர்களின் நம் குழுவில் எழுத முடியாததால் உங்களுக்கு மட்டும் மெயில் அனுப்புகிறேன். நான் சிகரெட்டை விடவில்லை. தினமும் வேலைக்குப் போகும்போது பெங்களூரில் ரயிலை விட்டு இறங்கியதும் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று. மனைவி கயல்விழிக்கு வாசம் தெரியாமல் இருக்க ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்குப் போகிறேன்.

கீழே ஒரு ஆள் நின்றாலும் ஷிஃப்ட் முடியாது என்ற நம் தங்கச் சுரங்கத்துப் பழைய பேச்சை வைத்து நம் குழுவில் சட்டம் போட்டிருக்கிறோமே. நம்மைப் போல் ஜோடி சேர்ந்த இரண்டு பேரும் புகைக்காமல் இருந்தால்தான் சாயங்காலம் “மேலே வந்தேன்” என்று எழுதலாம். ஒருவர் புகைத்தால் மற்றவரும் கீழேதான். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பீடியை விட்டிருக்கிறீர்கள். என்னால் நீங்களும் கீழே நிற்கக் கூடாதென்று பொய் எழுத ஆரம்பித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் வாயைத் திறக்க முடியவில்லை.

வருகிற திங்கள்கிழமை ஹெர்னியா ஆபரேஷன். டாக்டரிடமும் விட்டுவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தம்பி,
வேந்தன்

---

நந்திதுர்க்
10 ஜூன் 2025

அன்புத் தம்பி வேந்தனுக்கு,

எனக்காகவா பொய் சொன்னீர்கள்? நல்லாயிருக்கிறது கதை. நான் கேட்டேனா?

உங்களுக்கு ஏற்கெனவே மூச்சு சரியில்லை, புகைத்துக்கொண்டே மயக்க மருந்து எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதைக் குழுவில் எழுதியதே நீங்கள்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் கயல்விழியிடம் சொல்வேன். ஜோடி சேர்ந்தபோது வாங்கிய உங்கள் வீட்டு நம்பர் என்னிடம் இருக்கிறது. ஜோடியிடம் சொன்னது வெளியே போகக் கூடாது என்பதும் சட்டம்தான், தெரியும். சட்டத்தைப் பார்த்துக்கொண்டு உங்களைச் சாகவிட என்னால் ஆகாது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கனமாக எதையும் தூக்காதீர்கள்.

அக்கா,
சரோஜா

---

கோரமண்டல்
12 ஜூன் 2025

சரோஜா அக்காவுக்கு,

இந்த லீவு கிடைத்ததே பெரும்பாடு. டாக்டரிடம் சொல்லி ஆபரேஷன் இப்போது தள்ளிப்போனால் மறுபடி எப்போது கொடுப்பார்களோ. ரயிலில் நின்றுகொண்டே போய்வருகிறவன் நான், வலியும் என்னுடையது. உங்களை நம்பிச் சொன்னதற்கு இதுதான் மரியாதையா?

நீங்கள் பீடி பிடித்தது உங்கள் மகன் உதய்க்குத் தெரியாது. அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு நம்பரும் என்னிடம் இருக்கிறது. கயல்விழிக்கு நீங்கள் போன் செய்தால், உதய்க்கு நான் செய்வேன்.

இப்படி எழுத வைத்துவிட்டீர்களே அக்கா.

வேந்தன்

---

நந்திதுர்க்
14 ஜூன் 2025

தம்பி வேந்தனுக்கு,

நேற்று பொழுது சாயும்வரை பார்த்தேன். டாக்டரிடம் சொன்னேன் என்று ஒரு வரி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

இன்று காலை உதய் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். “டேய், உங்கம்மா ரொம்ப வருசமா ஒளிஞ்சி ஒளிஞ்சி பீடி புடிச்சவ. இப்பத்தான் வுட்டிருக்கா,” என்றேன். “இன்னாம்மா சொல்ற?” என்று கேட்டான். திரும்பவும் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். பெண் வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று அவனுக்குப் பயம். எனக்கும்தான்.

அப்புறம் கயல்விழிக்குப் போன் செய்தேன். அவள் நம்பவே இல்லை. “அவரு வுட்டுட்டாருக்கா, நான் கூடவே இருந்து பாக்கறனே,” என்றாள். ஏலக்காயைச் சொன்னதும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். டாக்டரிடம் பேசிவிட்டாளாம், ஆபரேஷன் தள்ளிவைத்தாயிற்று. இதற்குள் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

உதயிடம் போட்டுக்கொடுக்க இனி உங்களிடம் ஒன்றும் இல்லை. குழுவில் வேறு ஜோடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலடியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன். கயல்விழியிடம் மட்டும் சண்டை போடாதீர்கள், அவள் பாவம். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். திட்ட நீங்கள் இருந்தால் போதும்.

சரோஜா