மோலி படம் போட்ட பத்தி

29-10-1955, சனி

மழை விடவில்லை. உருட்டின பத்தி காயவில்லை. அடுப்புப் பக்கத்தில் தட்டை வைக்கலாமா என்று பத்தி உருட்ட வருகிற மாதம்மா கேட்டாள். வைத்தால் வாசனை போய்விடும், வேண்டாம் என்றேன். இவர் மயில் லேபிள் தீர்ந்துவிட்டது என்று நஞ்சுண்டசாமி பிரஸ்ஸுக்குப் போனார்.

புதன்கிழமை கல்லறைத் திருநாள். மோலி போய் இது மூன்றாவது வருஷம்.

31-10

மோலி கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தேன். சின்னக் கல்லறை. அரை வாளி கூட ஆகவில்லை.

2-11, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பூசை முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். நல்ல கூட்டம். மெழுகுவர்த்தி, சாமந்தி, பத்திப் புகை. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பத்தி கொளுத்திவிட்டுக் காலி அட்டையைப் போட்டுவிட்டுப் போனார்கள். அது காற்றில் வந்து மோலி மேல் விழுந்தது. குப்பை என்று எடுத்தேன்.

அதில் மோலி.

என் மோலிதான். முதல் தடவை நற்கருணை வாங்கின புதுநன்மை அன்றைக்குப் போட்ட வெள்ளை முக்காடு, தலையில் பூ முடி, முன்பல் விழுந்ததை மறைக்க வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். மேலே கன்னடத்திலும் தமிழிலும் ‘பாலதேவி பத்தி’ என்று போட்டிருக்கிறது. கீழே பெங்களூர் விலாசம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். “மெட்டில்டா, எழுந்திரு, எல்லாரும் பாக்கறாங்க” என்றார் இவர். நான் அட்டையைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பாலதேவியாம். யாருடா அது? எம் பொண்ணுக்குப் பேரு இல்லையா?

4-11

தூக்கம் இல்லை. அந்தப் படத்தை முதலில் பத்தி மேல் ஒட்டினது நாங்கள்தான். புதுநன்மை போட்டோ அவ்வளவு அழகாக வந்திருந்தது. ‘மோலி பத்தி’ என்று லேபிள் போட்டார் இவர். பாக்கெட் வீட்டுக்கு வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தெருப் பிள்ளைகளிடம், “நான் கடையில தொங்கறேன், போய்ப் பாருங்க” என்றாள். கடைக்கு வருகிறவர்களும் படத்தைக் காட்டித்தான் கேட்பார்கள் — ‘அந்தப் பாப்பா பத்தி கொடுங்க.’

டைபாய்டில் போனாள். அடக்கம் முடிந்து திரும்பும்போது சாக்கடையில் ஒரு பாக்கெட் மிதந்துகொண்டு போனது. இவர் அதை எடுத்து வேட்டியில் துடைத்தார். அன்றைக்கே அந்த லேபிளை நிறுத்திவிட்டார். மயில் வந்தது.

7-11

இவரோடு நானும் பிரஸ்ஸுக்குப் போனேன். நஞ்சுண்டசாமி பொய் சொல்லவில்லை.

“போட்டோ உங்களுது சாமி. அதைப் பாத்து அச்சுக் கல்லுல வரைஞ்ச கை என்னுது. மூணு வருஷம் சும்மா கிடந்துச்சு. தேய்ச்சு அழிச்சிட்டு வேற வேலைக்குக் கல்லை எடுக்கலாம்னு போனேன். கொழந்தை மூஞ்சி... கை வரல. பெங்களூர் காளிதாஸ் வந்து பாத்தார், கேட்டார். நீங்கதான் விட்டுட்டீங்களேன்னு அச்சடிச்சுக் கொடுத்தேன். தப்பாம்மா?”

இவர் சத்தம் போட்டார். அழிக்கக் கை வரலைன்னு ஒருத்தன் சொன்னால் அவனை என்ன திட்டுவது.

10-11

பெர்னார்ட் வக்கீல் வீடு. கோயிலில் நமக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர். நல்ல மனுஷர். நான் மூணாங் கிளாஸ் வரைதான் படித்தவள் என்று தெரிந்து மெதுவாகத்தான் சொன்னார்.

படத்துக்கு ஒரு உரிமை, மார்க்குக்கு வேறு உரிமையாம். வரைந்த படத்தை இன்னொருவன் காப்பி அடித்தால் ஒரு சட்டம். அதில் நஞ்சுண்டசாமி என் கை என்பான், நாம் எங்கள் போட்டோ என்போம், வருஷக்கணக்கில் இழுக்கும். சரக்கு மேல் ஒட்டுகிற மார்க்குக்குத் தனிச் சட்டம், பம்பாயில் ஆபீஸ். காளிதாஸ் இந்த முகத்தைத் தன் மார்க்கென்று அங்கே பதிய மனுப் போட்டிருக்கிறான். அந்த ஆபீஸ் பத்திரிகையில் விளம்பரமும் வந்துவிட்டது. ஆட்சேபம் இருந்தால் கெடுவுக்குள் சொல்ல வேண்டும்.

நான் கேட்டேன். “வரைஞ்சவனுக்கு ஒரு உரிமை, வித்தவனுக்கு ஒரு உரிமை. பெத்தவளுக்கு?”

வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “பெத்தவளுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லைம்மா. ஆனா சமீபத்துல செத்தவங்க படம்னா, குடும்பத்தோட சம்மதம் இல்லாம பதிய மாட்டாங்க. அதை வச்சு எழுதறேன்.”

அது போதும் என்று வந்துவிட்டேன்.

24-12

வீட்டில் குடில் வைக்கவில்லை. நட்சத்திரமும் கட்டவில்லை.

18-1-1956

அவனே வந்தான். காளிதாஸ். பம்பாயிலிருந்து அவனுக்குக் காகிதம் போயிருக்கிறது, பெற்றவர்கள் சம்மதம் எங்கே என்று. கூடையில் ஆப்பிளும் ஆரஞ்சும். இவர் வெளியே போயிருந்தார். நான்தான் நின்றேன்.

“சத்தியமா உங்க கொழந்தைன்னு தெரியாதும்மா. ஏதோ அம்மன்னு நினைச்சேன். நானும் மூணு பொண்ணு பெத்தவன்.”

“இப்பத் தெரிஞ்சுதே. நிறுத்துங்க.”

“அஞ்சு ஜில்லாவுல ஓடுதும்மா. நிறுத்துன்னா எப்படி? ஒரு கையெழுத்துப் போடுங்க. வருஷா வருஷம் கொழந்தை பேர்ல கோயிலுக்கு ஏதாவது செய்யறேன்.”

உள்ளே பத்தி உருட்டிக்கொண்டிருந்த மாதம்மா எட்டிப் பார்த்தாள். “பழக்கூடையோட பொண்ணு கேக்க வந்தீங்களா சாமி? வெத்தலை பாக்கை மறந்துட்டீங்களே!”

அவன் முகம் கறுத்துவிட்டது. போகும்போது திரும்பி நின்று சொன்னான். “மொதல்ல வித்தது நீங்க. பெத்த பொண்ணு மூஞ்சியை ஒட்டி வித்தீங்க. அப்ப அது பாவமில்லையா?”

கூடையை மாதம்மா தெருவில் வைத்தாள். மாடு தின்றது.

19-1

நேற்று அவன் சொன்னது உள்ளேயே நிற்கிறது. நாங்கள் விற்றபோது அவள் இருந்தாள். மடியில் உட்கார்ந்து லேபிளை எண்ணினாள். அது வேறே இல்லையா? வேறேதான். வேறேதானே?

2-3

பம்பாயில் அவன் மனுவைத் தள்ளிவிட்டார்களாம். வக்கீல் ஆள் அனுப்பிச் சொன்னார். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

6-3

மைசூர் அக்ரஹாரத்துக் கடைகளில் பாலதேவி இன்றைக்கும் தொங்குகிறது. புதுக் கட்டு.

8-3

வக்கீலிடம் ஓடினோம். தள்ளிட்டாங்கன்னீங்களே என்று சண்டைக்கே போய்விட்டேன்.

“பதிவுதான் கிடைக்கலை. பதியாம விக்கறதை அந்த ஆபீஸ் தடுக்காதும்மா. தடுக்கணும்னா இங்கே கோர்ட்டுக்குப் போகணும். கோர்ட்டு மொதல்ல கேக்கறது — இந்த மார்க்குல நீங்க சரக்கு விக்கறீங்களான்னுதான்.”

“மூணு வருஷமா இல்லை” என்றார் இவர்.

“அதுதான் சிக்கல், சூசைநாதன். இந்த முகத்தைப் பாத்ததும் சூசைநாதன் பத்தின்னு ஜனங்க நம்பி வாங்கினாங்க இல்லையா, சட்டம் அந்த நம்பிக்கையைத்தான் காப்பாத்தும். முகத்தை இல்ல. பழைய கடைக்காரங்க இன்னும் மறக்கலை, சாட்சி சொல்வாங்க. ஆனா நீங்க கைவிட்டதுன்னு ஆயிட்டா, இன்னிக்கு அவன், நாளைக்கு இன்னொருத்தன். திரும்ப ஆரம்பிங்க. கடையில உங்க மோலி பத்தி தொங்கணும். அப்பத்தான் நான் கோர்ட்டுல நிக்க முடியும்.”

அவர் சொன்னது புரிந்துதான் கேட்டேன். “அவ படத்தை ஒருத்தரும் விக்கக் கூடாதுன்னா, நாங்க விக்கணுமா?”

“ஆமாம்மா.”

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். “என்னால முடியாது மெட்டில்டா. அந்தச் சாக்கடை...” என்றார் இவர்.

11-3

அவன் விற்றாலும் சாக்கடை. நாங்கள் விற்றாலும் சாக்கடை. ஆனால் அவன் அட்டையில் அவள் பேர் இல்லை.

12-3

நான் ஒட்டுகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று இவர் தடுக்கவில்லை.

2-4

லேபிள் வந்தது. நஞ்சுண்டசாமி தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலையைத் தூக்காமல் போய்விட்டான். ‘மோலி’ என்று பெரிசாகப் போட்டிருக்கிறான்.

“நான் ஒட்டறனுங்கக்கா, நீங்க உருட்டுங்க” என்றாள் மாதம்மா. கொடுக்கவில்லை.

லேபிளைப் பலகையில் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் பசை தடவ வேண்டும். முகம் கீழே அமுங்கிக் கிடக்கும். அப்புறம் அட்டையில் வைத்து, சுருக்கம் போக ஈரத் துணியால் நெற்றியிலிருந்து கன்னம் வரை நீவ வேண்டும். காய்ச்சலில் அப்படித்தான் துடைத்தேன். அதே கை. முதல் பாக்கெட்டிலேயே நிறுத்திவிட்டேன். மாதம்மா என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, “அளுதுட்டு ஒட்டுங்க, ஒட்டிட்டு அளாதீங்க, காயிதம் நனைஞ்சிரும்” என்றாள். சிரிப்பு வந்தது. அதுக்கப்புறம் இன்னும் அழுதேன்.

3-4

ஒட்டினேன்.

5-4

இவர் ஒட்டுகிற அறைக்கு வருவதில்லை. சரக்கை வாசலில் வைத்தால் மூட்டையாகக் கட்டி எடுத்துப் போகிறார். கட்டும்போது படம் உள்பக்கம் இருக்கும்படிக் கட்டுகிறார்.

21-6

சந்தைக்குப் போகிற வழியில் சாக்கடையில் ஒன்று கிடந்தது. குனிந்து எடுத்தேன். எங்களுடையதா அவனுடையதா என்று முதலில் பார்த்தேன். அதைப் பார்த்தேனே!

30-8

இன்றைக்கு முழுக்க ஒட்டினேன். அழவில்லை. சாயங்காலம்தான் அது ஞாபகம் வந்தது.

17-10

கோர்ட்டில் பழைய கடைக்காரர் சுப்பையா சாட்சி சொன்னார். “பாப்பா பத்தின்னா சூசைநாதன் பத்திதான், மைசூருக்கே தெரியும்” என்றார். காளிதாஸின் வக்கீல், அப்புறம் ஏன் மூன்று வருஷம் விட்டார்கள் என்று கேட்டார். இவர் கூண்டில் நின்றுகொண்டு, “பொண்ணு செத்துட்டா சாமி” என்றார். ஜட்ஜு எழுதிக்கொண்டார். அது எங்களுக்குச் சாதகம் என்று பெர்னார்ட் வக்கீல் பிறகு சொன்னார். சாதகம்.

2-11

கல்லறைக்குப் போய் வந்தோம்.

29-11

தடை உத்தரவு கிடைத்தது. காளிதாஸ் இனி இந்தப் படத்தை வைத்து விற்கக் கூடாது. மாதம்மா மிட்டாய் வாங்கி வந்தாள். வாயில் போட்டுக்கொண்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

14-12

எங்கள் பேரில் பம்பாய்க்கு மனு. அதிலும் பெற்றவர்கள் சம்மதம் வேண்டுமாம். ‘இறந்துபோன என் மகளின் படத்தை உபயோகிக்கச் சம்மதிக்கிறேன்.’ காளிதாஸ் கேட்டு நான் கொடுக்காத கையெழுத்து. எனக்கு நானே கொடுத்தேன். மெட்டில்டா என்று எழுத ரொம்ப நேரம் ஆனது. அவசரமில்லைம்மா என்றார் வக்கீல்.

5-2-1957

லேபிள் இந்தத் தடவை மோசம். கன்னத்தில் சிவப்பு ஜாஸ்தி. நஞ்சுண்டசாமியிடம் போய், இதை ஒட்டினால் சரக்கு ஓடாது, வேறே அடியுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். இவர் என்னைப் பார்த்தார்.

9-3-1957, சனி

இவருக்கு உடம்பு சரியில்லை. சரக்கை நானே அக்ரஹாரத்துக்கு எடுத்துப் போனேன். கொள்ளேகால், ஹனூர் பக்கமெல்லாம் நன்றாக ஓடுகிறது, இன்னும் வேண்டும் என்றார் சுப்பையா. கோயிலுக்குப் போகிற அம்மா ஒருத்தி பாக்கெட்டைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னையும் கடையில் சேர்ந்தவள் என்று நினைத்தாள் போல.

“எவ்வளவு லட்சணமா இருக்கா. யாரும்மா இந்தக் கொழந்தை?”

“அது எங்க மார்க்கும்மா” என்றேன்.

அவள் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த சரக்கு எப்போது என்று சுப்பையா கேட்டார். வியாழக்கிழமை என்றேன்.