கடுகு பொரியும் சத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு, கும்பிட்டு எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா? அப்பாவின் மூச்சிரைப்பு குறைந்ததா? நான் சௌக்கியம்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. ரயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சோதிக்க என்னை அனுப்பினார்கள். அப்பா வயசு அதற்கு. எண்ணெயை எடுத்து முகர்ந்தால் கருகல் வாடை. மரக்குச்சியின் ஒரு முனையை அதன்மேல் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தேன். சீராக ரீங்கரிக்க வேண்டியது, உள்ளே கடுகு பொரிகிற மாதிரி பொரிந்தது. "இது தாங்காது சார், நிறுத்திடலாம்" என்றேன். மேலதிகாரி சிரித்தார். "ஓடுதுல்ல? அப்போ நல்லாத்தான்யா இருக்கு."

மறுநாளே வெடித்துவிட்டது. எனக்குப் புருவம் மட்டும்தான் பொசுங்கியது, முளைத்துவிடும். பக்கத்தில் நின்ற ஃபிட்டர் அண்ணன் இன்னும் கண் திறக்கவில்லை. ஊருக்கு வர லீவு கேட்டேன். மிச்சமுள்ள கிழட்டு டிரான்ஸ்ஃபார்மர்களைப் பார்த்து முடிக்காமல் கிடையாதாம்.

நீயும் போனில் "அப்பா நல்லாத்தான்டா இருக்காரு" என்கிறாய். அதைக் கேட்டாலே இப்போது அந்த மேலதிகாரியின் சிரிப்புதான் ஞாபகம் வருகிறது.

இரண்டு பருத்திப் பனியன் அனுப்பு. வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது போனை அப்பா நெஞ்சில் வைத்துவிடு. அவர் பேச வேண்டாம். நீயும் எதுவும் சொல்லாதே. நானே கேட்டுக்கொள்கிறேன்.

உன் பிள்ளை