பிரிக்காத வெள்ளைக் கையுறை

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டாவது ஊசி போட்ட கைவலி குறைந்ததா? இண்டியானாவில் நான் சௌக்கியம்.

போன வருஷம், டிரம்மும் ஊதுகருவிகளும் வாசித்தபடி அணிவகுக்கும் எங்கள் டிரம் கோர் அணிக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். கொரோனாவால் கோடைப் பயணமே ரத்தானது. இந்த வருஷம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. பயிற்சியைத் திட்டமிடுவது மட்டும்தான் என் வேலை. மேடையேறித் தாளம் காட்டுவது என் இடத்துக்கு வந்த புதுத் தலைவி பெய்டன். அவளுக்குக் கூந்தல்கூட என்னைவிட நீளம்.

நேற்று ஒரு வேடிக்கை. தொற்றுக்குப் பயந்து எல்லோரையும் மைதானம் முழுக்கத் தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தேன். பின்வரிசை டிரம் சத்தம் தாமதமாக வந்து சேர, பெய்டன் அதைக் கேட்டுக் கையசைக்க, பாட்டு சிதறிப்போனது. எனக்கு மனசு குளுகுளுவென்று இருந்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"காதை நம்பாதடி. நடுவுல நிக்கிற டிரம்காரன் காலைப் பாரு. அது தரையில படுறப்போ கையை இறக்கு," என்றேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா கெல்சி?"

"நீ கேக்கவே இல்லையே."

அடுத்த முறை அத்தனை பேரும் ஒன்றாக வாசித்து முடித்தார்கள். கைதட்டல் அவளுக்கு. நானும் தட்டினேன். முகக்கவசம் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

அப்பா, என் மேசை இழுப்பறையில் பிரிக்காத வெள்ளைக் கையுறை இருக்கிறது. போன வருஷம் மேடைக்கென்று வாங்கியது. அனுப்பிவையுங்கள், அவளுடையது கிழிந்துவிட்டது. நீங்கள் சுடும் சோள ரொட்டியும் கொஞ்சம் வையுங்கள். இங்கே தனித்தனியாகத்தான் சாப்பிடுகிறோம். பேருந்து வந்துவிட்டது, முடிக்கிறேன்.

கையுறை அவளுக்குச் சின்னதாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்
கெல்சி