மூன்றாம் தட்டில் நான் வைத்த முளைகள்

திருவாலங்காடு,
புதன்கிழமை காலை

அன்பு மகள் ஷோபனாவுக்கு நைனா எழுதுவது. தணிகை முருகன் தயவில் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், டேராடூன் மழையில் நனையாமல் நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஆடிக்கிருத்திகைக் கூட்டம் இன்னும் குறையவில்லை, திருத்தணி பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. போனில் சொல்லலாம் என்று நாலு தடவை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் காகிதம். பக்கத்து வீட்டு விஜி இதைப் போட்டோ பிடித்து இப்போதே அனுப்பிவிடுவாள். வெள்ளிக்கிழமை உன் ஆராய்ச்சியைச் சொல்ல புரொபசர் முன்னால் நிற்பதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

நீ கொடுத்துவிட்டுப் போன சர்ப்பகந்தா மூலிகை விதையை நீ சொன்னபடிதான் மூன்று குழித்தட்டில் போட்டேன். முதல் தட்டில் தண்ணீரில் ஊறிய விதை, இரண்டாவதில் சாணிக் கரைசலில் ஊறியது, மூன்றாவதில் ஒன்றுமே செய்யாத விதை. ஊறவைப்பதால் எவ்வளவு கூடுதலாக முளைக்கிறது என்று மூன்றாவதோடு ஒப்பிட்டால்தான் தெரியும், அதை மட்டும் தொடாதே நைனா என்று படித்துப் படித்துச் சொன்னாய். மற்ற இரண்டும் பச்சை கட்டிய பிறகும் அது வெறும் மண்ணாகவே கிடந்தது. பார்க்க வந்த பக்கத்து வயல் டில்லிபாபு, இன்னாண்ணா, இது மட்டும் மொட்டையா கீது, கை ராசி போயிடுச்சா என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. வயலில் நாற்று செத்த இடத்தைச் சும்மா விட்டு எனக்குப் பழக்கமில்லை. மிச்ச விதையைச் சாணிக் கரைசலில் ஊறவைத்து, நெல்லுக்குச் செய்வதுபோல ஈரத்துணியில் முளைகட்டி, அந்தத் தட்டில் பதினான்கு குழியில் வைத்துவிட்டேன். நீ போட்டோ கேட்டபோது அதையும் அனுப்பினேன். நைனா, ஊறவைக்காமலே முளைச்சிருக்கு, நம்ம மண்ணு வேற மாதிரி, இதைத்தான் முதல்ல சொல்லப்போறேன் என்று நீ குதித்தாயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பெண் சந்தோஷப்படுகிறாளே என்று வாயை மூடிக்கொண்டேன். தப்புதான், பெரிய தப்பு. நேற்று அம்மாவிடம் சொன்னேன். ரெண்டு வருசமா கஷ்டப்பட்டுகினு கீது அந்தப் பொண்ணு, அது தலையில மண்ணப் போட்டுட்டீங்களே என்று அழுதவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

அந்தப் பதினான்கையும் பிடுங்கிவிட்டேன், நீயும் உன் நோட்டில் அந்தக் கணக்கை அடித்துவிடு. புரொபசர் கேட்டால் அப்பன்தான் கெடுத்தான் என்று என் பெயரையே சொல். அவர் என்னிடம் பேச வேண்டும் என்றாலும் பேசுகிறேன், தமிழில்தான் பேசுவேன், நீ அதை அவர் பாஷையில் சொல்லிவிடு. என்மேல் இருக்கும் கோபத்தில் சாப்பிடாமல் இருந்துவிடாதே. வெள்ளிக்கிழமை விபூதி வைத்துக்கொண்டு போ. முருகன் கைவிட மாட்டான், நன்றாக இரு தாயே.

இன்னொன்று. இன்று காலை அந்தத் தட்டின் கடைசி வரிசையில், நான் கை வைக்காத குழியில், ஒரு முளை தானாக வந்திருக்கிறது. அம்மாவும் பார்த்தாள். என் பேச்சை நம்ப வேண்டாம், அவளைக் கேட்டு எழுதிக்கொள்.

உன் நைனா,
சின்னசாமி