மொய் வாங்கிப் பறக்க வேண்டாம்

முத்தியால்பேட்டை
புதுச்சேரி
26 அக்டோபர், ஞாயிறு

அன்புள்ள பூர்ணிமாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், என் வலது முழங்கால் மட்டும் இந்தச் சௌக்கியத்தில் சேரவில்லை, அதைத் தனியாக விசாரிக்கவும். நீயும் சௌக்கியம் என்று போனில் சொல்கிறாய், போனில் தெரியும் கன்னத்து எலும்பு வேறு மாதிரி சொல்கிறது. போனிலேயே பேசலாமே, கடிதம் எதற்கு என்பாய். போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துக்கொள்கிறார், நான் தொடங்கும் வாக்கியத்தை அவர் முடித்துவிடுகிறார். தீபாவளிக்கு வந்திருந்த எதிர்வீட்டு சுவேதா புதன்கிழமை கனடாவுக்கு, உன் சஸ்கட்டூனுக்கே திரும்புகிறாள், அவள் பெட்டியில் பருப்புப்பொடிக்கும் வடகத்துக்கும் நடுவில் இதற்கும் இடம் கேட்டேன். காகிதம்தானே ஆன்ட்டி, வெயிட் இருக்காது என்று ஒப்புக்கொண்டாள்.

ஆவணியில் நீ போனில் சொன்னாய், அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து சனிக்கிழமைதோறும் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று. அப்பா சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். சம்பளம் இல்லைப்பா, மணிக்கு இருநூற்றைம்பது டாலர் நான்தான் கொடுக்கிறேன் என்றாய். சரி, கற்று முடித்த பிறகு எவ்வளவு தருவார்கள் என்றார். முடித்த பிறகும் நான்தான் கொடுக்கவேண்டும், இது என் ஆசைக்கு என்றாய். அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பத்துநாலு வருஷம் மின்துறையில் கம்பம் ஏறியவர், உயரத்துக்குப் போக அவருக்குக் காசு கொடுத்தார்கள். நான் நகராட்சியின் எத்தாசிவில் பதிவு ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் ஊராருடைய பிறப்பும் கல்யாணமும் இறப்பும் எழுதினேன், அந்தப் புத்தகத்தில் ஆசைக்கென்று ஒரு கட்டம் கிடையாது, பிரெஞ்சுக்காரன் கோடு போட்ட புத்தகம், அவனே வைக்கவில்லை. ஆக உன் செய்தியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அப்பா சுலபமான வழியை எடுத்துக்கொண்டார். உன் புருஷோத்தமன் மாமாவிடம், பொண்ணு பைலட்டுக்குப் படிக்கிறா என்று சொல்லிவிட்டார். என் தம்பியிடம் காலையில் சொன்னது சாயங்காலம் முத்தியால்பேட்டை முழுக்கத் தெரிந்திருக்கும் என்பது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு தனம் வந்து, ஐதராபாத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போக டிக்கெட்டில் ஏதாவது குறையுமா என்று கேட்டாள். இது வேலை இல்லை தனம், நீச்சல் கற்றுக்கொள்வது மாதிரி என்று விளக்கினேன். அதற்கு அவள், நீச்சல் கத்துக்கிட்டா தண்ணியில மூழ்காம இருக்கலாம்கா, இது கத்துக்கிட்டாதானே விழவே முடியும் என்றாள். இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

இதற்குப் பிறகுதான் மாமா உனக்குப் பணம் திரட்ட வழி கண்டுபிடித்தான். அக்கா, முப்பது வருஷமா நீங்க போட்ட மொய்யெல்லாம் ஊர்ல தூங்குது, எழுப்பணும் என்றான். அவன் சொன்னதில் பொய்யில்லை. ஊரில் ஒரு காதுகுத்து, ஒரு மஞ்சள் நீராட்டு பாக்கியில்லாமல் நாங்கள் போய் வைத்தோம், நம் வீட்டில் ஒருவருக்கும் திருப்பி வைக்க வாய்ப்பே தரவில்லை. உன் காதுகுத்து மயிலம் கோயிலில் நாலு பேரோடு முடிந்தது. மஞ்சள் நீராட்டுக்கு மைக்செட் கட்ட ஆள் வந்தபோது நீ ஒரு புத்தகத்தோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாய், அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போன பிறகுதான் திறந்தாய். கல்யாணப் பேச்சை நீ எடுக்க விடுவதில்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணம் ஊரடங்கில் மாட்டிக்கொண்டு, முகக்கவசத்தோடு எனக்குத் தாலி கட்டினார். விசேஷமே நடக்காத வீட்டுக்கு இனி என்ன விசேஷம் மிச்சம் என்று யோசித்து, மாமா கிரகப்பிரவேசம் என்றான். வீடு தொண்ணூற்றொன்றிலேயே கட்டியாகிவிட்டதே என்றேன். அதனால் மொட்டைமாடியில் ஒரு அறை எழும்புகிறது. அறைக்கு நாலு லட்சம் செலவு, மொய் மூன்றரை வரும், அதை உனக்கு அனுப்புவது என்று திட்டம். எதை அனுப்புவது என்று கேட்டேன். உனக்குக் கணக்கு புரியாது என்று அப்பா சொல்லிவிட்டார். மாடியில் முந்நூறு பேர் உட்கார முடியாது என்பதால் தவளக்குப்பம் பக்கத்தில் மண்டபம் பார்த்திருந்தார்கள். வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிக் குடிபுகும் முதல் குடும்பம் நாம்தான். பத்திரிகையில் உன் படத்துக்குப் பக்கத்தில் நாலு எஞ்சின் வைத்த பெரிய விமானம். நீ அனுப்பிய சின்ன விமானத்தின் படத்தைக் காட்டினேன், இதப் போட்டா அம்பது ரூபாதான்கா வைப்பாங்க என்று மாமா ஒதுக்கிவிட்டான். தை பத்தாம் தேதி, நீ வந்து மண்டபத்து வாசலில் நிற்கவேண்டும், பொண்ணு நின்னா ஐந்நூறு, நிக்கலன்னா நூத்தியொண்ணு என்பது அவன் கணிப்பு.

இது ஒரு பக்கம் இருக்க நீ எனக்கு மட்டும் அனுப்பிய செய்தி என் போனில் மூன்று வாரமாகக் கிடக்கிறது. பத்தொன்பது மணி நேரம் முடிச்சிட்டேன், நடுவுல விட்டா கை மறந்துடும்னு கத்துக்குடுக்கிறவர் சொல்றார், ஊருக்கு வர்ற டிக்கெட் காசு ஒன்பது மணி நேரம், தைக்கு வரலன்னா கோச்சுக்குவியாம்மா என்று கேட்டிருந்தாய். நான் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன், அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். உன்னை நேரில் பார்த்து இரண்டு வருஷமாகிவிட்டது. வந்தே தீரவேண்டும் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். பிறகு நானும் கணக்குப் போட்டேன். நீ மூன்று வாரம் வருவாய், முதல் வாரம் பகலில் தூங்குவாய், இரண்டாவது வாரம் சொந்தக்காரர்கள், மூன்றாவது வாரம் பெட்டி. கழித்துப் பார்த்தால் எனக்கென்று தேறுவதும் ஒரு ஒன்பது மணி நேரம்தான். அதை நீயே வைத்துக்கொள். கோபம் இல்லை, அலுப்பு இருக்கிறது, அது உன்னால் வந்ததில்லை.

மொய்ப் பணமும் வேண்டாம். முந்நூறு வீட்டுக்காரர்கள் வைத்த பணத்தில் நீ மேலே போனால், முந்நூறு வீட்டுக் காதுகுத்துக்கும் உனக்குச் செய்தி வரும், ஒவ்வொருவரும் எப்போது வேலையில் சேருகிறாய் என்று கேட்பார்கள், கேட்க அவர்களுக்கு உரிமையும் இருக்கும். நானும் அனுப்பப்போவதில்லை. நாங்கள் கொடுத்தால் அப்பா மார்க்‌ஷீட் கேட்பார். இப்போது உன் சம்பளத்தில் யாருக்கும் பதில் சொல்லாமல் பறக்கிறாய், இந்தக் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் வாய்க்காத வசதி அது, கெடுத்துக்கொள்ளாதே. செலவைக் குறைக்க எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். புத்தகத்தில் இருப்பதை வீட்டிலேயே படித்து முடித்துவிடு, அதை இன்னொருவர் வாயால் கேட்கக் காசு கொடுக்காதே. மாதத்துக்கு ஒன்று என்று இழுக்காமல் பணம் சேர்த்துக்கொண்டு அடுத்தடுத்து வகுப்பு வைத்துக்கொள், இல்லாவிட்டால் மறந்ததை ஞாபகப்படுத்தவே பாதி போகும். கிளப்பில் விமானம் கழுவித் தந்தால் கட்டணத்தில் குறைப்பார்கள் என்றாயே, கழுவு, அப்பாவின் ஸ்கூட்டரை ஒருநாளும் துடைக்காதவள் என்பதால் அவரிடம் மட்டும் சொல்லாதே. நாலு பேர் சேர்ந்து பழைய விமானம் ஒன்று வாங்குவதாகச் சொன்னது வேண்டாம். வயலில் ஒரு மோட்டார் கொட்டகையைப் பங்கு வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் எத்தனையோ பேருக்குப் பெற்றவரின் இறப்புச் சான்றிதழைத் தனித்தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயிற்றில் மிச்சம் பிடிக்காதே. போன வாரம் வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டுக்கொண்டு பேசினாய், ஹீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறாய் என்று புரிந்தது. அந்த மிச்சம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

வியாழக்கிழமை முழங்காலைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கு நடந்துபோய்ப் பத்திரிகையை நிறுத்தச் சொன்னேன். அச்சகக்காரர் வேம்பு, முகத்தைத் தொங்கப்போட்டு, ஏதாவது துக்கமாம்மா என்றார். இல்லை, திருத்தம் என்றேன். எழுதிய பிறகு திருத்தக் கோர்ட்டுக்குப் போகவேண்டும், மை படுவதற்கு முன்னால் வாயால் சொன்னால் போதும் என்பது மட்டும்தான் நான் உத்தியோகத்தில் கற்றது. அப்பாவிடமும் அன்றே சொன்னேன். கத்தவில்லை. மாடிக்குப் போய்க் கூரை போடாத சுவர்களுக்கு நடுவில் அரை மணி நேரம் நின்றார். இறங்கி வந்து கால் கழுவிக்கொண்டு, மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், அப்ப தைக்கு வரமாட்டாளா என்று கேட்டார். முப்பத்தாறு வருஷம் கூட இருந்தும் இந்த மனுஷன் மொய்க்காகத்தான் சுவர் எழுப்புகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நிறையப் படித்தவள் என்று எனக்குப் பெயர் வேறு.

நேற்று காபி குடிக்கும்போது, இன்னும் எவ்ளோ மணி நேரம் பாக்கி என்றார். முப்பதாவது ஆகும், பனிக்காலத்தில் பாதிச் சனிக்கிழமை பறக்க விடமாட்டார்களாம் என்றேன். விரல்விட்டு எண்ணினார். ஆடியில முடியுது, ஆடியில யாரும் குடிபோக மாட்டாங்க, ஆவணின்னு வச்சுக்கலாம் என்றார். மொய் உண்டா என்று கேட்டேன். அதெல்லாம் எதுக்கு, வீட்டு மாடியிலேயே பத்துப் பேருக்குச் சாப்பாடு போடுவோம் என்றார். மாமாவிடம் இதை யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

நீ மேலே போவதற்கு என் ஆசீர்வாதம் தேவைப்படவில்லை, ஒவ்வொரு முறையும் பத்திரமாகக் கீழே வருவதற்காவது அது இருக்கட்டும். தீர்க்காயுசாக இரு. மறக்காமல் வரும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து தைக்கு வரவில்லை என்பதை அப்பாவிடம் நீயே சொல். அவர் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டுக்கொள்வார், நீயும் முதல்தடவை சொல்வதுபோலச் சொல். சொல்லிவிட்டு ஆவணியில் எந்தத் தேதி என்று அவரையே கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்வாம்பாள் சக்கரபாணி